கூற்றுகளை உண்மையெனக் கொள்க

வட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு சிலாஜிசம் ஒரு கஷ்டமே இல்லை, மேடம். கணக்கு வராதவர்கள், இங்கிலீஷ் என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள், எல்லாரையும் இந்தப் பகுதியில் முழு மார்க் வாங்க வைத்திருக்கிறேன். நீங்கள் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பழக்கம். அதனால் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கூற்று தருவார்கள், கீழே இரண்டு முடிவு. எந்த முடிவு கூற்றிலிருந்து கட்டாயமாகக் கிடைக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பேனாக்களும் மேசைகள், சில மேசைகள் சுவர்கள் என்று இருக்கும். பேனாவுக்கு ஒரு வட்டம், மேசைக்கு ஒரு வட்டம் என்று போட்டு, எது எதற்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கேயே சிரித்துவிடுவார்கள். பேனா எப்படி மேசையாகும் என்பார்கள். அதற்கான பதில் கேள்விக்கு மேலேயே அச்சாகியிருக்கும்: கூற்றுகள் உலக நடப்புக்கு மாறாகத் தோன்றினாலும் அவற்றை உண்மையெனக் கொள்க. இந்த ஒரு வரியை மனசில் ஏற்றிக்கொள்ள முடியாமல்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். உலகத்தைச் செருப்போடு கீழே விட்டுவிட்டு மாடிக்கு வா என்று நான் சொல்வது வழக்கம்.

மாடி என்றால், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற உரக்கடை மாடி. கூடப் படிக்கிற ஸ்ரீகாந்தின் மாமா கடை அது. மூட்டைகளின் வாசனை மேலே வரைக்கும் வரும், பழகிவிட்டால் தெரியாது. வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அங்கே கூடுவோம். சுவரில் இருக்கிற போட்டோக்களை, நீங்கள் சோதனை போட வந்தபோது பார்த்திருப்பீர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாஸ் பண்ணி வேலைக்குப் போகிறவர், சேர்ந்த முதல் நாள் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நாங்கள் அதைப் பெரிதாக பிரிண்ட் போட்டு ஒட்டுவோம். எந்த வருஷமும் இரண்டு போட்டோ ஏறியதில்லை, ஒன்றுதான். போன வருஷம் ராஜாராம் ஏறினான், அதற்கு முன்னால் சசிரேகா. எல்லாருக்கும் வட்டம் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் நின்றபடி பசை தடவுகிறேன்.

எனக்கு இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், விண்ணப்பிக்கவே முடியாது. பெண் பார்க்கப் போன இடங்களில், “பையன் இன்னா பண்ணிக்கினு கீறாரு?” என்று கேட்பார்கள். என் அப்பா முத்துவேலை நீங்கள் பார்த்தீர்கள். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் வைத்திருப்பவர், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு, “பரிச்சை எய்திக்கினு கீறான்” என்பார். காபி வரும், குடித்துவிட்டு எழுந்து வருவோம். கடைசியாகப் போன வீட்டில் காபியும் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா நெல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்குப் பயமாக இருந்தது, மேடம். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பாடம் நடத்தும்போது, எப்போதும் அந்தப் பயம் கூடவே இருக்கும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, கரும்பலகை பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்திருக்கிறேன். சாக்பீஸ் தூசி என்று நினைத்திருப்பார்கள். இந்தப் பயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பரிமளா, எங்கள் நிலத்தில் வேலை செய்கிற வேதகிரியின் மகள். காலனியில் வீடு. ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து, நேராக மாடிக்கு வந்துவிடுவாள். எங்கள் மாடியில் சாதி கிடையாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேதகிரி படிக்கட்டுக்குக் கீழேயே நின்று, “சின்ன ஆண்டே, எம் பொண்ணையும் சேத்துக்கினா நல்லாருக்கும்” என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, சரி என்று சொன்னது நான்தான். அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளரும் வாங்கி வைத்தேன். நாங்கள் கண்ணாடி டம்ளரில் குடிப்போம். அவள் குடித்துவிட்டுத் தானே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பாள்.

புத்தி கற்பூரம். முதல் வகுப்பில் எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. “பேனா மேசன்னா மேசதான்ணா. கம்பெனில சூப்ரவைசர் இன்னா சொல்றாரோ அத்த அப்டியே ஒத்துக்கினு வேல பாக்கறோம்ல, அந்த மாரிதான்” என்றாள். நான் வருஷக்கணக்கில் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது சத்தியம்.

மாதிரித் தேர்வுகளில் முதலில் எனக்குக் கீழே இருந்தாள். பிறகு ஸ்ரீகாந்துக்குச் சமமாக வந்தாள். ஸ்ரீகாந்த் எப்போதும் என்னைவிடக் கொஞ்சம் மேலேதான் இருப்பான், அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். பிறகு இரண்டு பேரும் எனக்கு மேலே போய்விட்டார்கள். இந்த வருஷம் மாடியில் கடைசிவரை நின்றது நாங்கள் மூன்று பேர்தான்.

ஒரு சாயங்காலம் ஸ்ரீகாந்த் அவளைச் சீண்டினான். “இந்த ஊரு பிராஞ்சுலயே ஒன்ன தூக்கிப் போட்டாங்கன்னு வச்சிக்கோ. இதோ நிக்கிற நம்ம தமிழோட அப்பா பயிர்க்கடனுக்கு வந்து நிப்பாரு. அப்ப இன்னா பண்ணுவே?”

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “இன்னா பண்ணுவாங்க? உக்காருங்க சார், உங்க நம்பர் வந்ததும் கூப்புடறேன்னு சொல்வேன்” என்றாள்.

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அப்பாவை அவள் சார் என்று மரியாதையாகத்தான் சொன்னாள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் காலம், வயிறு சரியில்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஸ்ரீகாந்த் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். பரிமளாவும் நானும்தான். ‘ஏதாவது ஒன்று’ வகைக் கேள்வியை அன்றைக்கு நடத்தினேன். நான் மேலே சொன்ன பேனா, மேசை, சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சில பேனாக்கள் சுவர்கள் என்பது ஒரு முடிவு, எந்தப் பேனாவும் சுவர் அல்ல என்பது இன்னொன்று. தனித்தனியாக எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தே தீர வேண்டும். அதனால் ‘ஏதாவது ஒன்று பின்தொடரும்’ என்பதுதான் சரியான விடை. நான் அவளிடம், அந்த விடை ஒரு கண்ணி, அதைத் தொடவே தொடாதே, ‘எதுவும் பின்தொடராது’ என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு என்றேன். தப்பான விடைக்கு மார்க்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பரீட்சையில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இருப்பதே ஒரு கேள்வி அளவு தூரம்தான்.

அதற்குப் பிறகு அவள் மார்க் இறங்கியது. செல்போனில் எழுதுகிற மாதிரித் தேர்வு, விடை தப்பு என்று சொன்னபோதெல்லாம், அந்த ஆப்தான் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். “எங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஸ்ரீகாந்திடமே சொல்லியிருக்கிறாள். அவன்தான் ஒரு நாள் அவளுக்கு வட்டம் போட்டுக் காட்டிவிட்டான்.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். கோபமாக வருவாள் என்று பார்த்தேன். “அண்ணா, அன்னிக்கு நீ சொன்னத நான்தான் தப்பா வாங்கிக்கினேன் போலகீது. ஏதாவது ஒன்னுங்கறதுதான் கரெக்டாம். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தேனா, தூக்கத்துல காது கேக்கல. மன்னிச்சிக்கோண்ணா” என்றாள். நான் பரவாயில்லை என்றேன். அவள் மட்டும் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், முகத்துக்கு நேரே கேட்டிருந்தால், நான் அத்தோடு விட்டிருப்பேன். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த மாதிரித் தேர்வில் அவள்தான் முதல்.

இப்போது என் கூற்றுகளைப் பாருங்கள். எங்கள் மாடியிலிருந்து வருஷத்துக்கு ஒருவர்தான் ஏறுவார். இந்த வருஷம் பரிமளா ஏறுவாள். அப்படியென்றால் இந்த வருஷம் நான் ஏற மாட்டேன். எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. முடிவு கட்டாயமாகக் கிடைக்கிறது. நான் எத்தனையோ முறை வட்டம் போட்டுப் பார்த்தேன், வேறு வழி தெரியவில்லை. வழி இருந்திருந்தால் நான் ஏன் இதைச் செய்யப் போகிறேன்?

என் அம்மா சொக்கம்மாளுக்குத் தூக்கம் வராது. காஞ்சிபுரத்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அலமாரியில் இருக்கும். பரீட்சைக்கு எங்கள் மூன்று பேருக்கும் ஏனாத்தூர் பக்கம் சென்டர் போட்டிருந்தார்கள், காலை ஷிப்ட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கண் சொருகினால் போதும் என்பதுதான் என் கணக்கு. அவளுக்கு ஒன்றும் ஆகாது, தூங்கி எழுந்துவிடுவாள். அவளுக்கு வயசு இருக்கிறது, அடுத்த வருஷம் எழுதலாம், அதற்கு அடுத்த வருஷமும் எழுதலாம். நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை.

முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, நான் பைக்கில் அழைத்துப் போகிறேன் என்று வேதகிரியிடம் சொன்னேன். அந்த ஆள் விடியற்காலையிலேயே கடை வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தான். “சின்ன ஆண்டே, ஒங்களுக்குப் புண்ணியமா போவும். பத்திரமா கூட்டிக்கினு போயி வுட்டுடுங்க” என்று கும்பிட்டான்.

“நீ போய் மடையைப் பாரு வேதகிரி, நான் பாத்துக்குறேன்” என்றேன்.

மாடியில் நான்தான் டீ போட்டேன். மாத்திரை எப்படி அவளுக்கு மட்டும் சரியாகப் போயிற்று என்று முதல் நாள் கேட்டீர்கள். அவளுடைய டம்ளர்தான் தனி ஆயிற்றே, மாறிப்போக வழியே இல்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். “இன்னிக்கு டீ சூப்பர்ணா” என்று சொல்லிக் குடித்துவிட்டு, வழக்கம்போலக் கழுவிக் கவிழ்த்தாள். ஸ்ரீகாந்தும் டீ குடித்துவிட்டு அவன் வண்டியில் முன்னால் கிளம்பிப் போனான்.

வாலாஜாபாத் வழியாகப் போனோம். மாத்திரை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே, “அண்ணா, கண்ணு இஸ்துக்கினு போவுதுண்ணா. செத்த நிறுத்தேன், மூஞ்சி கழுவிக்கினு வரேன்” என்றாள். நேரமாகிவிட்டது, சென்டர் கேட்டை மூடிவிடுவார்கள் என்றேன். அது உண்மைதானே. “பயமாகீதுண்ணா, ஒன் தோள புடிச்சிக்கவா?” என்று கேட்டாள். பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள் என்றேன். ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்கள், வயசுப் பெண், நாளைக்கு அவள் பேர்தான் கெடும்.

பாலத்தைத் தாண்டியதும் அவள் தலை என் முதுகில் வந்து இடித்தது. நான் பெட்ரோல் டேங்க் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த முறை இடிக்கவில்லை.

பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்துகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். ஆனால் தூங்குகிறவர்கள் எல்லாரும் வண்டியிலிருந்து விழுவதில்லை, சிலர்தான் விழுவார்கள். ‘சிலர்’ என்ற கூற்றிலிருந்து இவள் விழுவாள் என்ற முடிவை யாராலும் எடுக்க முடியாது. அதனால்தான் நான் வண்டியை நிறுத்தவில்லை.

நிறுத்தினேன், பிறகு. அவள் விழுந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி. பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அவளுக்கு மூச்சு இருந்தது, கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. “இன்னா நைனா, ஒன் கூட வந்த பொண்ணா இது?” என்று கடைக்காரர் கேட்டார். வழியில் லிஃப்ட் கேட்ட பெண், யார் என்று தெரியாது என்றேன். அவள் பை என் வண்டியில்தான் மாட்டியிருந்தது. அவள் யார் என்று காட்டுகிற எல்லாம் அதில் இருந்தன. அதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், ஞாபகம் வரவில்லை என்று எழுதலாம்தான். ஞாபகம் இருந்தது. கொடுத்தால் பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், என்னை உட்கார வைத்துவிடுவார்கள். கேட் மூட இன்னும் நேரம் இருந்தது.

போனேன். எழுதினேன். சிலாஜிசம் அத்தனையும் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான், மேடம், அந்தப் பயம் இல்லாமல் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வேதகிரி நின்றுகொண்டிருந்தான். கையில் பொட்டலம், மகளுக்குப் போண்டா வாங்கி வைத்திருந்தான். சென்டர் வாசலில் இறக்கிவிட்டேன், கூட எழுதிய பெண்களோடு பஸ்ஸில் வருவாள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் எட்டிப் பார்த்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டதும், பேர் தெரியாத பிணமாகக் கிடந்ததும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. டீக்கடைக்காரர் என் வண்டி நம்பரைச் சொல்லி நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் கேள்விப்பட்டேன். அப்பா அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை போட்டது நான். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாதது நான். விட்டுவிட்டுப் போனதும் நான்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. ரிசல்ட் இந்த வாரம் வரும் என்று சொல்கிறார்கள். என் பதிவு எண்ணைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், யாராவது செல்போனில் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் வைத்திருந்தேன். அவளுடைய ஒதுக்கீடு வேறு, என்னுடையது வேறு, அவள் ஏறினால் உன் இடம் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். அது எனக்குத் தெரியும். அவள் விண்ணப்பம் போடும்போது அதை அவளுக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். ஆனால் மாடியில் வருஷத்துக்கு ஒரு போட்டோதான் என்பது கூற்று, அதை உண்மையெனக் கொண்டேன் என்று சொன்னேன். நீங்கள் விடவில்லை. “சரி, ஒருத்தருதான்னே வச்சிப்போம். உன் ஒதுக்கீட்டு லிஸ்ட்டுல உனக்கு மேல இருந்தவன் ஸ்ரீகாந்துதானே. அவனும் அங்கதான டீ குடிச்சான். அவனுக்கு ஏன்டா குடுக்கல?” என்றீர்கள்.

இரண்டு தாளை இதற்காகவே வீணாக்கிவிட்டேன். மூன்று வட்டம் போட்டேன், ஒன்றில் நான், ஒன்றில் பரிமளா, ஒன்றில் ஸ்ரீகாந்த். எப்படி மாற்றிப் போட்டாலும் எனக்கு நெருக்கடி கொடுக்கிற வட்டம் ஸ்ரீகாந்துடையதாகத்தான் வருகிறது. அவன் தூங்கியிருந்தால் எனக்கு உண்மையிலேயே ஒரு இடம் மிஞ்சியிருக்கும். கணக்குப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அப்படி ஒரு நினைப்பே எனக்கு வரவில்லை, இப்போது யோசித்தாலும் அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஸ்ரீகாந்துக்குப் போய் எப்படிக் கொடுக்க முடியும்? அவன் நம்ம பையன் இல்லையா, மேடம்.